பொது நூலகம் யாருக்குப் பொது?

மலருக்குக் கட்டுரை அனுப்பும் பொறியாளர்கள் பெரும்பாலும் பாலத்தைப் பற்றியோ கம்ப்யூட்டரைப் பற்றியோ எழுதுவார்கள். நான் நூலகத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதுவும் அமெரிக்காவின் பொது நூலகங்களைப் பற்றி. வேலை நிமித்தம் சில வருடங்கள் அந்த நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்க நேர்ந்தது. அங்கே எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு பொது நூலகம் இருக்கும். பெயரையும் முகவரியையும் காட்டினால் கையில் உறுப்பினர் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். எந்த நாட்டுக்காரன், என்ன நிறம், என்ன மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பார்க்கிற யாருக்கும், இந்த ஊரில் ஆதிமுதல் இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

அப்படி இல்லை. அந்தச் சின்ன அட்டைக்காக வழக்குப் போட்டவர்கள் உண்டு. சிறைக்குப் போனவர்கள் உண்டு. அடி வாங்கியவர்கள் உண்டு. அவர்களில் பலர் நம்மைப் போலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அதனால்தான் இந்த வரலாறு நம் மலருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கார்னகியின் பணமும் ஒரு பேராசிரியரின் கேள்வியும்

இரும்புத் தொழிலில் கோடி கோடியாகச் சம்பாதித்த ஆண்ட்ரூ கார்னகியை நாம் அறிவோம். அவர் பணத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,680 பொது நூலகக் கட்டடங்கள் எழுந்தன. கார்னகி சும்மா கொடுக்கவில்லை. அவர் கட்டடத்துக்குப் பணம் தருவார்; ஊர் இடம் தர வேண்டும். அதோடு அவர் தந்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே நூலகத்துக்குச் செலவிட வேண்டும். அதாவது ஊர் மக்களின் வரிப்பணம் உள்ளே வந்தாக வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வரி கட்டியவர்கள் எல்லாரும் உள்ளே போக முடிந்ததா?

1902ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் கார்னகி நூலகம் திறந்தார்கள். அப்போது அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ.இ.பி. டுபோய்ஸ் பேராசிரியராக இருந்தார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். ஒரு சிறு குழுவோடு நூலக நிர்வாகிகளைச் சந்தித்து அவர் வைத்த வாதம் மிக எளிமையானது. கறுப்பர்களும் வரி கட்டுகிறார்கள். அந்த வரியில் நடக்கும் நூலகத்தை அவர்களுக்கு மட்டும் எப்படி மூடலாம்?

பதில் மரியாதையாகத்தான் வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிப்பதை ஊர் ஏற்காது. பின்னால் எப்போதாவது தனிக்கிளை பற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் ‘பின்னால்’ வந்து சேர 19 வருடங்கள் ஆயின. கறுப்பர்களுக்கான கிளை 1921ல்தான் திறந்தது. நகரின் தலைமை நூலகம் கறுப்பர்களுக்கு அட்டை கொடுத்தது 1959ல். கேள்வி கேட்ட வருடத்திலிருந்து எண்ணினால் 57 வருடங்கள்! ஒரு மனிதன் பிறந்து, படித்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்றுவிடலாம்.

லூயிவில் காட்டிய வழி

இதற்கு நடுவே கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வேறொரு காரியம் நடந்தது. 1905ல் அங்கே கறுப்பர்களுக்கென்று ஒரு கிளை நூலகம், வாடகை வீடு ஒன்றில், தொடங்கினார்கள். 1908ல் கார்னகி பணத்தில் சொந்தக் கட்டடம் வந்தது. அதன் பொறுப்பாளர் தாமஸ் ஃபவுன்டன் புளூ. இறையியல் படித்தவர். நூலகப் படிப்புக்கென்று எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பரைச் சேர்க்கும் நூலகப் பள்ளி அன்றைக்கு இல்லை.

புளூ செய்த பெரிய காரியம் என்னவென்றால், தான் கற்ற தொழிலைத் தன் கிளையிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். புத்தகத்தைப் பதிவது, அடுக்குவது, குழந்தைகளுக்குக் கதை சொல்வது, ஊர்க் கூட்டங்கள் நடத்துவது எல்லாம் அங்கே பாடம். தெற்கில் வேறு ஊர்களில் கறுப்பர் கிளைகள் தொடங்கியபோது அங்கே வேலை செய்யப் போகிறவர்கள் லூயிவில்லுக்கு வந்து பயிற்சி பெற்றுப் போனார்கள்.

இதை எப்படிப் பார்ப்பது? தனிக்கிளை என்பதே ஒதுக்கிவைப்பதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தாங்களே நடத்திய ஒரு கட்டடம், தாங்களே பயிற்சி கொடுத்த ஊழியர்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் படிக்கிற பழக்கம் என்று மூன்றும் அந்த மக்களுக்குக் கிடைத்தன. பிற்பாடு கதவைத் தட்டியவர்கள் சும்மா தட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து தட்டினார்கள்.

அலெக்சாண்ட்ரியா: ஐந்து பேர், ஐந்து மேசை

நான் இருந்த வட்டாரத்திலேயே நடந்தது இது. வாஷிங்டன் நகரை ஒட்டி, ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் ஊர் அலெக்சாண்ட்ரியா. 1937ல் அங்கே பொது நூலகம் கட்டினார்கள். அதற்குச் சில தெருக்கள் தள்ளிக் குடியிருந்தவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் கறுப்பின வக்கீல். சட்டக் கல்லூரிக்கே போகாமல், ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருந்து படித்துத் தேர்வு எழுதி வக்கீல் ஆனவர். நடந்து போகிற தூரத்தில் நூலகம். உள்ளே போக முடியாது.

டக்கருக்கு அப்போது 26 வயது. அவர் போட்ட திட்டம் ஒரு நல்ல பொறியாளர் போட்ட வரைபடம் போல இருக்கிறது. 1939 ஆகஸ்ட் 21ஆம் தேதி ஐந்து கறுப்பின இளைஞர்கள் நல்ல உடை அணிந்து ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குள் போனார்கள். ஒவ்வொருவரும் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். கிடையாது என்றதும், அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். ஏன் ஆளுக்கு ஒரு மேசை? சேர்ந்து உட்கார்ந்தால் பேசுவார்கள். பேசினால் அமைதியைக் கெடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். தனித்தனியே உட்கார்ந்து வாய் திறக்காமல் படிப்பவனை என்ன குற்றம் சொல்வது? 14 வயதுப் பையன் ஒருவன் நூலகத்துக்கும் டக்கரின் அலுவலகத்துக்கும் ஓடி ஓடிச் செய்தி சொன்னான்.

போலீஸ் வந்தது. ஐவரையும் வெளியே அழைத்துப் போனார்கள். ஒழுங்கீனமாக நடந்ததாகக் குற்றச்சாட்டு. நீதிமன்றத்தில் டக்கர் போலீஸ்காரரிடமே கேட்டு, அவர்கள் அமைதியாகத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று வாங்கிவிட்டார். நீதிபதி பாவம், என்ன செய்வார்? தண்டித்தாலும் சிக்கல், விடுவித்தாலும் சிக்கல். தீர்ப்பே சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நகர நிர்வாகம் அவசர அவசரமாக 1940ல் கறுப்பர்களுக்கென்று ராபர்ட் ராபின்சன் நூலகம் என்ற சிறிய கட்டடத்தைக் கட்டியது. டக்கருக்கும் அங்கே அட்டை தர முன்வந்தார்கள். அவர் வாங்க மறுத்தார். தாம் கேட்டது ஊரின் பொது நூலகத்து அட்டை, அதற்குப் பதிலாக வேறொன்றை ஏற்க முடியாது என்று எழுதிவிட்டார். அந்தச் சிறிய கட்டடம் இப்போது கறுப்பர் வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். 80 வருடங்கள் கழித்து, 2019ல்தான், அந்த ஐவர் மீதான குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் முறைப்படி தள்ளுபடி செய்தது. அதைக் கேட்க அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

விண்வெளிக்குப் போன பையன்

பொறியியல் மாணவர்களுக்கு ராண் மெக்நேர் என்ற பெயர் தெரிந்திருக்கலாம். 1986 ஜனவரி 28ல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தில் இருந்த எழுவரில் ஒருவர். தெற்குக் கரோலினாவில் லேக் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர்.

1959ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. ராணுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஊர் நூலகத்துக்குத் தனியாக நடந்து போய், தனக்கு வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து பதிவு மேசை முன் நின்றான். கறுப்பர்களுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை, வெளியே போ என்றார் நூலகர். பையன் நகரவில்லை. போலீசையும் அவன் அம்மாவையும் வரவழைத்தார்கள். வந்த போலீஸ்காரர்களுக்கு இதில் கைது செய்ய என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. கடைசியில் புத்தகங்களைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் பையன் பொறியியல் இயற்பியலில் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யில் லேசர் ஆராய்ச்சி செய்து 1976ல் டாக்டர் பட்டம் வாங்கினான். 1984ல் விண்வெளிக்குப் போய் வந்தான். இரண்டாவது பயணத்தில்தான் உயிர் போயிற்று. அன்று போலீசைக் கூப்பிட்ட அதே நூலகக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர். அவர் வாழ்க்கையைச் சொல்லும் நினைவகமாக இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்கும்போது ஒன்று தோன்றுகிறது. பிடிவாதம் பிடித்த ஒரு பையன் நமக்குத் தெரியவந்தான். ‘போ’ என்றதும் தலைகுனிந்து வீட்டுக்குத் திரும்பிய எத்தனை பையன்கள் இருந்திருப்பார்கள்? அவர்களுக்குக் கணக்கு இல்லை. ஒரு நூலகம் கதவை மூடும்போது ஊருக்கு ஏற்படும் நஷ்டம் அதுதான்.

ஜாக்சனின் ஒன்பது மாணவர்கள்

1960ல் தெற்கு மாநிலங்களில் மாணவர்கள் ஓட்டல்களில் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். நூலகங்களுக்கும் அது வந்தது. தெற்குக் கரோலினாவின் கிரீன்வில் நகரில் 1960 ஜூலையில் எட்டுப் பேர் கைதானார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவரும் அதில் உண்டு. அவர் பெயர் ஜெஸ்ஸி ஜாக்சன். பிற்காலத்தில் ஜனாதிபதி பதவிக்கான வேட்பாளர் போட்டியில் நின்றவர். அந்த நகரம் இரண்டு நூலகங்களையும் மூடிப் பார்த்தது. மக்கள் முணுமுணுத்ததும், சில நாட்களில் எல்லாருக்கும் சேர்த்துத் திறந்துவிட்டது.

மிசிசிப்பி மாநிலம் அப்படி எளிதில் மசிகிற இடம் இல்லை. அதன் தலைநகர் ஜாக்சன். ஊரை ஒட்டி டூகலூ கல்லூரி என்று 1869ல் தொடங்கிய ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் படித்த இடம். மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராட்டத் தலைவரோடு சேர்ந்து அங்கே ஒன்பது மாணவர்கள், ஐந்து ஆண்கள், நான்கு பெண்கள், தயாரானார்கள். அரசுக் கல்லூரி மாணவர்கள் ஈடுபட்டால் கல்லூரியை விட்டே நீக்கிவிடுவார்கள். தனியார் கல்லூரி என்பதால் டூகலூ மாணவர்களுக்குக் கொஞ்சம் துணிவு.

1961 மார்ச் 27ஆம் தேதி. முதலில் அவர்கள் கறுப்பர்களுக்கான கார்வர் கிளை நூலகத்துக்குப் போனார்கள். அங்கே இருக்காது என்று தெரிந்தே சில புத்தகங்களைக் கேட்டார்கள். இல்லை என்ற பதில் வந்ததும் நேரே நகரத் தலைமை நூலகத்துக்குப் போனார்கள். அட்டைப் பட்டியலைப் பார்த்தார்கள், புத்தகம் எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். உங்கள் நூலகத்துக்குப் போங்கள் என்றார்கள். இங்கே ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறோம் என்று பதில். போலீஸ் வந்து வெளியே போகச் சொன்னது. ஒருவரும் எழவில்லை. அமைதிக்குக் குந்தகம் விளைவித்ததாகச் சொல்லி ஒன்பது பேரையும் கைது செய்தார்கள். நூலகத்தில் படிப்பது அமைதிக்குக் குந்தகமாம்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அன்று மாலையே பக்கத்தில் இருந்த ஜாக்சன் அரசுக் கல்லூரி மாணவர்கள், கைதானவர்களுக்காகப் பிரார்த்தனைக் கூட்டம் கூடினார்கள். தங்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும் கூடினார்கள். மறுநாள் ஊர்வலமாகச் சிறையை நோக்கிப் போக முயன்றவர்கள் மீது கண்ணீர்ப்புகை. 29ஆம் தேதி விசாரணையன்று நீதிமன்ற வாசலில் கூடி நின்றவர்கள் மீது போலீஸ் தடியோடும் நாய்களோடும் பாய்ந்தது. மெட்கர் எவர்சுக்கும் அடி விழுந்தது. ஒன்பது பேருக்கும் தலைக்கு 100 டாலர் அபராதம், 30 நாள் சிறைத் தண்டனை. சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருடம், 1962ல், நீதிமன்ற உத்தரவால் ஜாக்சன் நூலகம் எல்லாருக்கும் திறந்தது. 1963 ஜூனில் எவர்சைத் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இந்த ஒன்பது பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. ஊருக்குள் ஒரு நினைவுப் பலகை வைக்கவே 2017 ஆயிற்று.

நாற்காலி இல்லாத நூலகம்

கதவைத் திற என்று நீதிமன்றம் சொன்னால் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தார்கள். ஆனால் எப்படித் திறந்தார்கள் தெரியுமா? வர்ஜீனியாவின் டான்வில் நகரில் 1960ல் நூலகத்தை முதலில் மூடினார்கள். பிறகு எல்லாருக்கும் திறந்தபோது உள்ளே நாற்காலியும் இல்லை, மேசையும் இல்லை! வெள்ளையரும் கறுப்பரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடக் கூடாதாம். எல்லாரும் நின்றுகொண்டே புத்தகத்தை எடுத்துப் போக வேண்டியதுதான். புதிதாக அட்டை வேண்டுமென்றால் நாலு பக்க விண்ணப்பமும் கட்டணமும் வேறு. ஒரு அறிவிப்புப் பலகையும் இல்லாமல், வெறும் மரச்சாமான்களை நகர்த்தியே ஒதுக்கிவைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

லூசியானா மாநிலத்தில் கிராமங்களுக்குப் போகும் நடமாடும் நூலக வண்டிகள் இரண்டு. சிவப்பு வண்டி வெள்ளையருக்கு, நீல வண்டி கறுப்பருக்கு. அங்கே கிளின்டன் என்ற ஊரில் 1964 மார்ச்சில் ஹென்றி பிரவுன் என்பவரும் இன்னும் நால்வரும் கிளை நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் கேட்டார்கள். இல்லை, வரவழைத்து அனுப்புகிறேன் என்றார் நூலகர். அதன் பிறகும் அவர்கள் சத்தமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். ஷெரீப் வந்து கைது செய்தார். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1966ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. பொது நூலகத்தில் அமைதியாக நிற்பதும் உட்கார்வதும் குற்றமல்ல என்று அந்த நாட்டின் உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்!

மேசைக்கு அந்தப் பக்கம்

வாசகர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சரி, நூலகர் நாற்காலியில் யார் உட்காருவது?

இது இன்னும் நீண்ட கதை. 1925ல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் கறுப்பர்களுக்கென்று முதல் நூலகப் பள்ளி தொடங்கியது. 1939ல் மூடியது. 1941ல் அட்லாண்டா பல்கலைக்கழகம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் தலைவர் எலைசா அட்கின்ஸ் கிளீசன் என்ற பெண்மணி. நூலக இயலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் இவர்தான். தெற்கில் கறுப்பர்களுக்கு எந்த அளவில் நூலக வசதி இருக்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். தன் மக்களின் குறையைப் புள்ளிவிவரமாக்கி மேசையில் வைத்தவர். அந்தப் பள்ளி 2005 வரை நடந்தது.

நூலகர்களின் சங்கம் எப்படி நடந்துகொண்டது? 1936ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு ரிச்மண்ட் நகரில் நடந்தது. கறுப்பின நூலகர்கள் வரலாம். ஆனால் தனி வரிசையில் உட்கார வேண்டும், மாநாட்டு விருந்தில் சாப்பிடக் கூடாது, மாநாட்டு ஓட்டலில் தங்கக் கூடாது. எதிர்ப்பு கிளம்பியது. இனி எல்லா உறுப்பினர்களையும் சமமாக நடத்தாத ஊரில் மாநாடு கூட்டுவதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் மாநிலக் கிளைச் சங்கங்கள் கறுப்பரைச் சேர்க்காமலே இருந்தன. அதைப் பற்றித் தலைமை வாயைத் திறக்கவில்லை.

திறக்க வைத்தவர் ஈ.ஜே. ஜோசி. ஜார்ஜியாவில் சவானா அரசுக் கல்லூரியின் நூலகர். தன் மாநில நூலகச் சங்கத்திலேயே உறுப்பினராக முடியாதவர். 1964 மாநாட்டில், கறுப்பரைச் சேர்க்காத மிசிசிப்பிச் சங்கத்துக்குப் பாராட்டு வழங்கியதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. பாகுபாடு காட்டும் மாநிலச் சங்கங்களின் நிகழ்ச்சிகளுக்குத் தேசியச் சங்கத்தின் அதிகாரிகளும் ஊழியர்களும் போகக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. அடுத்த வருடமே ஜார்ஜியா சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1970ல் கறுப்பின நூலகர்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். 1984ல் அதே அமெரிக்க நூலகச் சங்கத்துக்குத் தலைவராகவே வந்தார்.

இன்னொரு சம்பவம். பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் நூலகம் கறுப்பின வாசகர்களை அனுமதித்தது. ஆனால் நூலகர் பயிற்சி வகுப்பில் சேர்க்கவில்லை. லூயிஸ் கெர் என்ற இளம் பெண் விண்ணப்பித்தார். மறுத்ததும் வழக்குப் போட்டார். இது தனியார் அறக்கட்டளை, அரசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நூலகம் வாதாடியது. நகராட்சிப் பணத்தில் நடக்கும்போது அது பொது நிறுவனம்தான் என்று 1945ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டுபோய்ஸ் 1902ல் கேட்ட வரிக் கேள்விதான் இது. 43 வருடம் கழித்து இங்கே செல்லுபடியாயிற்று. அதே நூலகத்துக்கு 1993ல் தலைவராக வந்தவர் கார்லா ஹேடன் என்ற கறுப்பினப் பெண்மணி. 2015ல் பால்டிமோரில் கலவரம் மூண்டபோது, சுற்றிலும் கடைகள் எரிந்த வட்டாரத்தில் கிளை நூலகத்தை மூடாமல் திறந்து வைத்திருந்தார். 2016ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பரும் அவரே. 2025 மே மாதம், பதவிக்காலம் முடியும் முன்பே அவரை நீக்கிவிட்டார்கள். வரலாறு எப்போதும் முன்னோக்கியே நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

2009-10 காலத்துக் கணக்குப்படி அந்த நாட்டில் பட்டம் பெற்ற நூலகர்களில் நூற்றுக்கு 88 பேர் வெள்ளையர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அவ்வளவு இல்லை. இதைச் சரிசெய்யத்தான் 1997ல் நூலகச் சங்கம் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் படித்து நூலகர் ஆகியிருக்கிறார்கள்.

எண்ணுக்குள் ஒளிந்திருந்த பாகுபாடு

நூலகர் யார் என்பதால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும், புத்தகம் புத்தகம்தானே என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதில் டாரதி போர்ட்டர். 1930 முதல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பர் வரலாற்று நூல்களைச் சேகரித்தவர். டியூயி பகுப்பு முறையை நாம் எல்லாரும் நூலகத்தில் பார்த்திருக்கிறோம். கவிதைக்கு ஓர் எண், கணிதத்துக்கு ஓர் எண். ஆனால் அன்றைய நூலகங்கள் கறுப்பர் எழுதிய புத்தகம் என்றால் கவிதையாக இருந்தாலும் 325 அல்லது 326ல் போட்டுவிடும். 325 குடியேற்றம், 326 அடிமைமுறை! கவிஞன் எழுதிய காதல் பாட்டும் அடிமை வியாபாரக் கணக்கும் ஒரே அலமாரியில். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. வரலாறு என்றால் வரலாற்றில், கவிதை என்றால் கவிதையில் என்று தன் நூலகத்தில் மாற்றி அடுக்கினார்.

பொறியாளர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு அமைப்பின் அடிப்படையிலேயே தவறு இருந்தால், அதை இயக்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விளைவு தவறாகத்தான் வரும். அந்தத் தவறு யார் மேல் விழுகிறதோ அவர் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும். அதே போலத்தான் 1921ல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்த புவர்ட்டோ ரிக்கோ பெண் புரா பெல்ப்ரே. தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியில் கதை சொன்னார். அதுவரை நூலகப் பக்கமே வராத குடும்பங்கள் குழந்தைகளோடு வந்தன.

கண் தெரியாதவர்களுக்காக 1931ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிரெய்ல் நூல்கள் தபாலில் போயின. 1934 வாக்கில் பேசும் புத்தகங்கள் வந்தன. ஒரு பக்கத்தில் நிறைய நேரம் ஓடும் நீண்ட இசைத்தட்டு சாதாரண மக்களுக்குக் கடைக்கு வந்தது 1948ல். கண் தெரியாதவர்களுக்கு அதற்கும் பதினாலு வருடம் முன்பே கிடைத்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்காக யோசித்தால் தொழில்நுட்பமும் முன்னேறுகிறது பாருங்கள்.

கார்னகி காலத்து நூலகங்களுக்கு முன்னால் உயரமான படிக்கட்டு இருக்கும். அறிவை நோக்கி ஏறுகிறோம் என்று பொருளாம். சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே ஏறுவது? 1990ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம், 32 அங்குலமாவது திறக்கும் கதவு, அலமாரிகளுக்கிடையே 36 அங்குல வழி என்று விதி வந்தது. தர்ம சிந்தனையாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம் அளவு நாடாவால் சரிபார்க்கும் விஷயமாயிற்று.

நமக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, அமெரிக்கக்காரர்கள் இவ்வளவு மோசமா என்று கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, பின் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லில் விதிவிலக்கு எதுவும் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் சென்னை மாகாணத்தில்தான், 1948ல், வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். எனவே டுபோய்ஸ் கேட்ட கேள்வி நம் ஊருக்கும் பொருந்தும். வரி கட்டும் எல்லாரும் நூலகத்துக்குள் வருகிறார்களா? வராதவர்கள் யார்? ஏன் வரவில்லை?

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அவர்களுக்குக் கழிவறை இருக்கிறதா? வாசலில் சாய்தளம் இருக்கிறதா, இருந்தால் அதன் மேல் சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்களா? பிரெய்ல் புத்தகம் ஒன்றாவது உண்டா? ஊரின் எந்தத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து யாருமே வருவதில்லை? இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நூலகரிடமும் வாசகர் வட்டத்திடமும் கொடுங்கள். இதற்கு அரசு உத்தரவு எதுவும் வேண்டாம், பேனா போதும். நூலக இயல் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகப் படியுங்கள். மேசைக்கு அந்தப் பக்கமும் எல்லாத் தெருக்காரர்களும் வேண்டும்.

முன்னாள் மாணவர்களான நமக்கும் பங்கு உண்டு. புத்தகம் நன்கொடை தருவது நல்லது. அதோடு ஒரு சாய்தளம், ஒரு கழிவறை, கிராமத்துப் பிள்ளை ஒருவருக்கு நூலகப் படிப்புக் கட்டணம் என்று கொடுத்தால் இன்னும் நல்லது. ஜாக்சனில் கைதான அந்த ஒன்பது பேருக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகளின் வயதுதான். அவர்கள் கேட்டதெல்லாம் உட்கார்ந்து படிக்க ஓர் இடம். அந்த இடம் நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி!